அழைப்பாணைக்கு முன், போர்முனைக்குப் பின்: படைதிரட்டலுக்கு அகப்படாமல் வெளியேறுவோரும் அகதிச் சட்டமும்

2022 செப்டம்பர் கடைசி வாரம். ரஷ்யாவிலிருந்து காகசஸ் மலைகளைத் தாண்டி ஜார்ஜியாவுக்குப் போகும் சாலையில், வெர்க்னி லார்ஸ் எல்லைச் சாவடிக்கு முன்னால் கார்கள் பல கிலோமீட்டர் தூரம் நின்றன. நடந்து கடக்க அனுமதி இல்லை என்பதால் காரை அப்படியே விட்டுவிட்டு, கிடைத்த மிதிவண்டியை வாங்கி ஏறிப் போனவர்கள் உண்டு. சில நாட்களில் வடக்கு ஒஸேத்தியா நிர்வாகம் அந்த வரிசையின் அருகிலேயே ஒரு நடமாடும் படைசேர்ப்பு நிலையத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. திரட்டப்பட வேண்டியவர்களின் பட்டியலில் பெயர் இருந்தால் அழைப்பாணை அங்கேயே கையில் தரப்படும் என்பது ஏற்பாடு.

அந்த வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கடந்தவரிடம் காட்டுவதற்கு எந்தக் காகிதமும் இல்லை. ஒரு மணி நேரம் பிந்தியவரிடம் காகிதம் இருந்தது. கடக்க வழி இல்லை. படைதிரட்டலுக்கு அகப்படாமல் நாட்டைவிட்டு ஓடுகிறவர்களை அகதிச் சட்டம் எப்படி நடத்துகிறது என்ற கேள்வியின் முடிச்சு இந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. சட்டக் கோட்பாடு கடந்த ஐம்பது ஆண்டுகளில் இவர்களுக்குச் சாதகமாகவே வளர்ந்திருக்கிறது. சான்று கேட்கும் முறை அதற்கு ஈடாக வளரவில்லை. ஆகவே முன்கூட்டியே விலகியவர் சான்றற்றவராக நிற்கிறார். சான்று சேரும்வரை இருந்தவர் வெளியேற முடியாதவராகவோ, குற்றத்தில் பங்குண்டா என்று ஐயுறப்படுபவராகவோ ஆகிவிடுகிறார். இதுவே இக்கட்டுரையின் வாதம். முதலில் வரலாற்றையும் சட்டத்தையும், அடுத்து ரஷ்யப் படைதிரட்டல் எழுப்பிய சிக்கல்களையும், பின்னர் எதிர்வாதங்களையும் பார்க்கலாம்.

1. தயவால் கிடைத்த புகலிடம்

வெர்க்னி லார்ஸ் சாலை போய்ச் சேரும் அதே ஜார்ஜியாவின் தெற்கு மேட்டுநிலத்தில், 1895 ஜூன் இறுதியில், துகோபோர் என்னும் கிறித்தவப் பிரிவினர் தம்மிடமிருந்த ஆயுதங்களைக் குவித்துத் தீயிட்டார்கள். ஜார் அரசு கட்டாய இராணுவ சேவையைக் காகசஸ் பகுதிக்கும் விரித்திருந்தது. கொல்வதைப் பாவம் என்று கொண்ட அவர்கள் அதற்கு உடன்படவில்லை. கசையடியும் ஊர்விலக்கமும் தொடர்ந்தன. 1899இல் ஏறத்தாழ 7,500 பேர் கப்பலேறிக் கனடா சேர்ந்தார்கள். அந்தப் பயணத்துக்காக டால்ஸ்டாய் தமது 'புத்துயிர்ப்பு' நாவலின் வருவாயை ஒதுக்கியது தமிழ் வாசகர் பலர் அறிந்த செய்தி. கனடா அவர்களை ஏன் ஏற்றது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன் மேற்குச் சமவெளிகளில் நிலத்தைப் பண்படுத்த உழவர்கள் தேவைப்பட்டார்கள். துகோபோர்களுக்கு இராணுவ சேவையிலிருந்து விலக்கு அளிக்கும் ஆணையை 1898 டிசம்பரில் பிறப்பித்து, குடியேறிகளாக அவர்களை வரவழைத்தது.

வியட்நாம் போர்க் காலத்திலும் வழி மாறவில்லை. அமெரிக்கப் படைசேர்ப்புக்கு அகப்படாமல் வடக்கே போன இளைஞர்களைக் கனடா அகதிகள் என்று அழைக்கவில்லை, குடியேறிகளாகப் பதிந்துகொண்டது. படைக்குள் போகும் முன் வந்தவர்களுக்கு அது எளிதாக இருந்தது. சீருடை அணிந்தபின் ஓடிவந்தவர்களை எல்லை அதிகாரிகள் பலமுறை திருப்பினார்கள். இராணுவ நிலை பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்று 1969 மே மாதம் கனடா அறிவித்த பிறகே அந்தத் தடை நீங்கியது. 1977 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாள், குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் வழங்கிய பொதுமன்னிப்பிலும் இதே கோடு கிழிக்கப்பட்டது: சேர்ப்பைத் தவிர்த்தவர்களுக்கு மன்னிப்பு, படையிலிருந்து ஓடியவர்களுக்கு இல்லை. முன்னால் ஓடியவர், பின்னால் ஓடியவர் என்ற பிரிவினை இன்றைய சட்டத்திலும் வேறு உருவில் தொடர்வதைக் கீழே காண்போம்.

தயவு உரிமையாக மாறத் தொடங்கிய இடம் தென்னாப்பிரிக்கா. 1978 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 33/165ஆம் தீர்மானம், நிறவெறியை நிலைநிறுத்தும் இராணுவ அல்லது காவல் பணியை மனச்சான்றின் பொருட்டு மறுத்து வெளியேறுவோருக்குப் புகலிடம் தருமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. மறுப்பவரின் சமயமோ பொதுவான போர் வெறுப்போ அங்கே அளவுகோல் ஆகவில்லை. எந்த வேலைக்கு அவர் அழைக்கப்பட்டார் என்பது அளவுகோல் ஆனது.

2. சட்டத்தின் இரண்டு கதவுகள்

1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் படைச் சேவையை மறுப்பவர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இனம், சமயம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களுள் ஒன்றால் துன்புறுத்தப்படும் அச்சம் இருக்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். இதற்குள் இவர்களை எப்படிப் பொருத்துவது என்பதை ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்தின் 1979ஆம் ஆண்டுக் கையேடு விளக்க முயன்றது. படை திரட்டுவது அரசின் உரிமை; மறுப்பவரைத் தண்டிப்பது பொதுவாக வழக்குத் தொடுப்பதே அன்றித் துன்புறுத்தல் ஆகாது; போரிட அஞ்சுவது மட்டும் ஒருவரை அகதி ஆக்காது என்பது அதன் தொடக்க நிலை. இதற்கு விலக்காக அது இரண்டு முக்கியக் கதவுகளைத் திறந்தது. ஒன்று, மறுப்பவரின் ஆழ்ந்த நம்பிக்கை. மற்றது, மனித நடத்தையின் அடிப்படை விதிகளுக்கு முரணானது என்று உலகச் சமூகம் கண்டித்த இராணுவ நடவடிக்கை. மனச்சான்றின் கதவு, போரின் தன்மையின் கதவு என்று இவற்றைச் சுருக்கி அழைக்கலாம்.

மனச்சான்றின் கதவு மெல்லத்தான் அகன்றது. துருக்கிப் படையில் சேர மறுத்த இரண்டு குர்து இளைஞர்களின் செப்பெட்-புல்புல் வழக்கில், மனச்சான்று மறுப்பு சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட உரிமை அல்ல என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 2003இல் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டுகளில், தென் கொரியாவின் இரண்டு யெகோவா சாட்சிகளின் முறையீட்டில், அவர்களைத் தண்டித்தது சிந்தனை, மனச்சான்றுச் சுதந்திரத்தை மீறுவது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவு செய்தது. 2011 ஜூலையில் பயத்யான் எதிர் ஆர்மீனியா வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வும் அதே நிலைக்கு வந்தது. 2013 டிசம்பரில் உயர் ஆணையர் அலுவலகம் வெளியிட்ட 10ஆம் வழிகாட்டு நெறி இந்த வளர்ச்சியை அகதிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லாப் போரையும் எதிர்ப்பவரோடு, குறிப்பிட்ட ஒரு போரை மட்டும் எதிர்ப்பவரையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஆயினும் நடைமுறையில் இந்தக் கதவு இன்னும் ஒடுக்கமானதுதான். அதிகாரியின் முன் உட்கார்ந்து தம் உள்ளத்தை நிறுவிக்காட்ட வேண்டும். சமயப் பின்னணி உள்ளவருக்கு அது ஓரளவு கைகூடும். லார்ஸ் வரிசையில் நின்றவர்கள் இளவயதில் கட்டாயச் சேவையை முடித்து இருப்புப் படைப் பட்டியலில் இருந்தவர்களாக இருந்தால், முன்பு துப்பாக்கி பிடித்தவர் இப்போது ஏன் மாட்டேன் என்கிறார் என்ற கேள்வியே அவர்களை வீழ்த்தப் போதும். எனவே அவர்களுக்கு எஞ்சுவது இரண்டாவது கதவு.

அந்தக் கதவுக்குச் சட்ட வடிவம் தந்தது ஐரோப்பிய ஒன்றியம். 2004இல் வந்து 2011இல் திருத்தப்பட்ட தகுதி நெறிமுறையின் 9(2)(உ) எனத் தமிழில் குறிக்கத்தக்க ஐந்தாம் உட்பிரிவின்படி, போர்க்குற்றம் முதலிய செயல்களை உள்ளடக்கிய ஒரு மோதலில் படைச் சேவை செய்ய மறுத்ததற்காக ஒருவர் மேல் வழக்கோ தண்டனையோ வந்தால் அது துன்புறுத்தலே. இங்கே அவரது உள்ளத்தைத் துருவத் தேவையில்லை. போரைப் பார்த்தால் போதும். அப்படித்தான் வாசகம் சொல்கிறது. நீதிமன்றங்கள் அதை எப்படிப் படித்தன என்பது அடுத்த கேள்வி.

3. இரண்டு தீர்ப்புகள், இரண்டு அளவுகோல்கள்

ஆந்த்ரே ஷெப்பர்ட், ஜெர்மனியில் தங்கியிருந்த அமெரிக்கப் படையின் அப்பாச்சி ஹெலிகாப்டர் பராமரிப்புப் பணியாளர். ஈராக்கில் ஒரு முறை பணியாற்றித் திரும்பியவர். மீண்டும் அங்கே செல்ல ஆணை வந்தபோது 2007இல் படையைவிட்டு நீங்கி, 2008இல் ஜெர்மனியிடம் தஞ்சம் கேட்டார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015 பிப்ரவரி 26 அன்று தந்த விடை ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுப்பதாக இருந்தது. நேரடியாகச் சுடாத, இயந்திரம் பழுதுபார்க்கிறவரும் பாதுகாப்புக்கு உரியவர் என்று அது ஏற்றது. இனி நடக்கக்கூடிய குற்றங்களையும் கணக்கில் கொள்ளலாம் என்றது. ஆனால் அவரது பணி போர்க்குற்றத்துக்கு உதவும் என்பது போதிய அளவு நிகழத்தக்கதாக இருக்க வேண்டும். ஐ.நா. பாதுகாப்பு அவையின் இசைவோடு நடக்கும் நடவடிக்கையில் அதற்கான வாய்ப்பு குறைவு என்றே கொள்ள வேண்டும். மனச்சான்று மறுப்பாளராகப் பதிந்துகொள்ளும் வழி இருந்தும் அதை நாடாதவர், தாம் ஓடியதுதான் ஒரே வழி என்று சொல்ல இயலாது என்ற நிபந்தனைகளையும் அடுக்கியது. அவரது கோரிக்கையை ஜெர்மன் நீதிமன்றம் 2016இல் தள்ளுபடி செய்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2020 நவம்பர் 19 அன்று, இ.இசட். என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படும் சிரிய இளைஞரின் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு திசையில் நடந்தது. படைக்கு அழைக்கப்படும் அச்சத்தில் 2014இல் சிரியாவைவிட்டு வெளியேறியவர் அவர். ஜெர்மனி அவருக்குத் துணைநிலைப் பாதுகாப்பை மட்டும் தந்து அகதி நிலையை மறுத்திருந்தது. மறுப்பைப் பதிவுசெய்யச் சட்டபூர்வ வழியே இல்லாத நாட்டில், படை அலுவலகத்துக்குப் போகாமல் ஓடுவதே மறுப்புதான் என்றது நீதிமன்றம். எந்த முனைக்கு, எந்தப் பிரிவுக்கு அனுப்பப்படுவோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டாயப் படையினரைக் கொண்டே ஒரு படை திரும்பத் திரும்ப, முறைப்படுத்தப்பட்ட போர்க்குற்றங்களைச் செய்யும் முழு உள்நாட்டுப் போரில், சேவைக்குப் போனால் குற்றத்தில் பங்கு வரும் என்றே ஊகிக்கலாம். அத்தகைய மறுப்பு ஐந்து காரணங்களுள் ஒன்றோடு தொடர்புடையது என்பதற்கும் வலுவான ஊகம் உண்டு.

இந்த இரண்டாவது ஊகம்தான் தேசிய நீதிமன்றங்களை உறுத்தியது. ஓடியவர் எல்லோரும் அரசியல் கருத்தால் ஓடினார்களா, உயிரச்சத்தால் ஓடினார்களா என்று அவை கேட்டன. 2023 ஜனவரி 19 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், அந்த ஊகம் தானாகவே அகதி நிலையைத் தந்துவிடாது, மற்றச் சான்றுகளோடு வைத்து எடைபோட வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. ஆக, ஐரோப்பிய நீதிமன்றம் இறக்கிவைத்த சான்றுச் சுமையின் ஒரு பகுதி மீண்டும் கோரிக்கையாளரின் தோளுக்கே வந்தது. லார்ஸ் சாலையில் கார்கள் நின்று நான்கு மாதம்கூட ஆகியிராத நேரம் அது.

4. காகிதம் கேட்கும் சட்டம், காகிதம் தராத அரசு

ரஷ்யப் படைதிரட்டலை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். போரின் தன்மை பற்றி ஐயத்துக்கு அதிக இடம் இல்லை. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை 141 வாக்குகளால் படையெடுப்பைக் கண்டித்தது. ஐ.நா. மனித உரிமை அவை அமைத்த உக்ரைன் விசாரணை ஆணையம், ரஷ்யப் படைகள் போர்க்குற்றங்கள் புரிந்ததாக அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. ஷெப்பர்ட் வழக்கில் குறுக்கே நின்ற பாதுகாப்பு அவை இசைவு என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. இரண்டாவது கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டிய வழக்கு இது. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் கேட்கப்பட்ட காகிதம்தான் இடையூறாயிற்று.

செப்டம்பர் 21 அன்று அதிபர் புதின் கையெழுத்திட்ட 647ஆம் ஆணையின் ஏழாவது பத்தி வெளியிடப்படவில்லை. 3,00,000 இருப்புப் படையினர் என்ற எண்ணைப் பாதுகாப்பு அமைச்சர் செர்கேய் ஷொய்கு வாயால் சொன்னார். படை அனுபவம் உள்ளவர்கள் மட்டுமே என்றார். ஆணையின் வெளியான பகுதியில் அந்த வரம்புகள் காணப்படவில்லை. யார் அழைக்கப்படுவார், யார் அழைக்கப்படமாட்டார் என்பதைச் சட்டத்தைப் படித்து ஒரு ரஷ்யக் குடிமகன் அறிய வழியில்லை. அக்டோபர் 28 அன்று திரட்டல் முடிந்தது என்று அறிவிக்கப்பட்டது. அதை முடித்துவைக்கும் ஆணை மட்டும் வெளிவரவில்லை. திரட்டல் அறிவிக்கப்பட்ட அன்றே நடந்த எதிர்ப்புப் போராட்டங்களில் கைதானவர்கள் சிலருக்குக் காவல் நிலையத்திலேயே அழைப்பாணை தரப்பட்டது. அது சட்டத்துக்கு முரணல்ல என்று கிரெம்ளின் பேச்சாளர் சொன்னார். எதிர்ப்பவருக்குத் தண்டனையாகவே போர்முனை காட்டப்படும்போது, அரசியல் கருத்துக்கும் படைதிரட்டலுக்கும் தொடர்பு என்ன என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இதோடு பிரான்ஸின் தேசியத் தஞ்ச நீதிமன்றம் 2023 ஜூலை 20 அன்று அளித்த தீர்ப்பை வைத்துப் பார்ப்போம். உக்ரைன் போருக்கான திரட்டலை மறுத்து ஓடிய ரஷ்யர்களும், திரட்டப்பட்டபின் படையைவிட்டு ஓடியவர்களும் அகதி நிலை பெறலாம் என்று அது கோட்பாட்டளவில் ஏற்றது. சேவைக்குப் போனால் நேரடியாகவோ மறைமுகமாகவோ போர்க்குற்றத்தில் பங்கு வரும் என்றும் ஒப்பியது. ஆனால் இருப்புப் படைப் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது, தாம் உண்மையில் திரட்டலுக்கு உட்பட்டவர் என்பதைக் கோரிக்கையாளர் நிறுவ வேண்டும் என்றது. அந்த அளவுகோலில், அதே வழக்கைக் கொண்டுவந்தவரின் கோரிக்கை தோற்றது. கோட்பாடு வென்று மனிதர் தோற்ற வழக்கு என்று இதைச் சொல்லலாம். பத்தியை மறைத்துவைத்தது ரஷ்ய அரசு. அந்த மறைப்பின் விலையைக் கட்டுகிறவர் தப்பியோடியவர்.

கிழக்காசியாவிலும் இதே காட்சிதான். 2022 அக்டோபர் முதல் ஐந்து ரஷ்யர்கள் தென் கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்திலேயே மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. படைசேர்ப்பை மறுப்பது அகதிக் காரணம் ஆகாது என்று சொல்லி, விண்ணப்பத்தை விசாரணைக்கு எடுக்கவே நீதி அமைச்சகம் மறுத்தது. 2023 பிப்ரவரியில் இஞ்சியோன் மாவட்ட நீதிமன்றம் இருவருக்கு விண்ணப்பிக்கும் உரிமையை மட்டும் பெற்றுத் தந்தது.

தண்டனையை அளக்கும் முறையிலும் இதே கோளாறு உண்டு. படை அலுவலகத்துக்கு வரச்சொல்லியும் போகாதவருக்கு ரஷ்யாவில் பெரும்பாலும் நிர்வாக அபராதம். அபராதம் துன்புறுத்தல் ஆகுமா என்று தஞ்ச அதிகாரி கேட்கிறார். படையில் சேர்க்கப்பட்ட பிறகோ கதை வேறு. 2022 செப்டம்பர் 24 அன்று திருத்தப்பட்ட குற்றவியல் சட்டப்படி, திரட்டல் காலத்தில் படையைவிட்டு ஓடினால் 15 ஆண்டுகள் வரை சிறை. தாமாக எதிரியிடம் சரணடைந்தால் 10 ஆண்டுகள் வரை. வாசலில் நிற்கும்போது அபராதம், உள்ளே போனபின் சிறை. முதல் படியை மட்டும் அளந்துவிட்டு ஆபத்தில்லை என்பது, கண்ணியில் கால்வைக்கும் முன் கண்ணி கடிக்கவில்லையே என்பது போன்றது.

2023 ஏப்ரல் 14 அன்று கையெழுத்தான மின்னணு அழைப்பாணைச் சட்டம் இந்த முரணை எழுத்திலேயே வடித்துவிட்டது. அழைப்பாணை பதிவேட்டில் ஏறி ஏழு நாட்களில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். பதிவேட்டில் ஏறியதுமே நாட்டைவிட்டு வெளியேறத் தடை. புகலிட நாடு எந்த ஆவணத்தைச் சான்றாகக் கேட்கிறதோ, அந்த ஆவணம் பிறக்கும் கணத்தில் எல்லை மூடிக்கொள்கிறது. இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற, சட்டத்தை மீறி எல்லை தாண்டினால்தான் முடியும். இவற்றுக்கு எதிராக நாட்டுக்கு வெளியே முறையிட இருந்த முக்கிய இடமும் போயிற்று: படைதிரட்டலுக்கு ஐந்து நாள் முன்னால், செப்டம்பர் 16 அன்று, ரஷ்யா ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து முற்றாக நீங்கியிருந்தது.

5. பிந்தியவர்கள்

இனி மறுபக்கம். காகிதம் வந்தபின், அல்லது போர்முனையைப் பார்த்தபின் ஓடியவர்கள். இவர்களிடம் சான்று தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. கடவுச்சீட்டு இருப்பதில்லை. உள்நாட்டு அடையாளச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு போகக்கூடிய கஜகஸ்தான், ஆர்மீனியா போன்ற நாடுகளுக்கே அவர்களால் போக முடிகிறது. அவை ரஷ்யாவோடு இராணுவ உடன்பாட்டில் பிணைந்தவை.

கஜகஸ்தான், திரட்டல் அறிவித்த ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 98,000 ரஷ்யர்கள் தன் நாட்டுக்குள் வந்ததாக அறிவித்தது. சாதாரணப் பயணிகளாக வந்தவர்களை அது விரட்டவில்லை. எல்லைச் சாவடியைத் தவிர்த்துக் காட்டு வழியாக வந்து தஞ்சம் கேட்ட ஒரு ரஷ்யப் பாதுகாப்புச் சேவை அதிகாரியை மட்டும், கோரிக்கையை மறுத்து, 2022 டிசம்பர் இறுதியில் திருப்பி அனுப்பியது. சில மாதங்களில் அவருக்கு ஆறரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆர்மீனியாவின் கியூம்ரி நகரில் ரஷ்யப் படைத்தளம் இருக்கிறது. 2023 டிசம்பரில் அங்கே தங்கியிருந்த ஒரு படைத்துறப்பாளரை ரஷ்ய இராணுவக் காவலர்களே பிடித்துச் சென்றார்கள். போய்ச் சேர முடிகிற நாடுகளில் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு தரக்கூடிய நாடுகளுக்குப் போய்ச் சேர முடிவதில்லை. படைத்துறப்பாளர் ஆறு பேருக்கு 2024 அக்டோபரில் பிரான்ஸ் தற்காலிக நுழைவிசைவு தந்தது, இந்தப் பொதுவிதிக்கு அரிய விலக்கு.

எட்டியவர்களுக்கும் இன்னொரு கதவு மூடக்கூடும். அகதிகள் ஒப்பந்தத்தின் 1(F) என அறியப்படும் விலக்குப் பிரிவு, போர்க்குற்றம் செய்ததாக ஐயுறத் தக்க காரணம் உள்ளவருக்குப் பாதுகாப்பை மறுக்கிறது. 2023 ஜனவரியில் உறைந்த எல்லையைத் தாண்டி நார்வேக்குள் வந்த வாக்னர் கூலிப்படையின் முன்னாள் ஆள் ஒருவரை, தஞ்ச விசாரணை ஒருபுறம் இருக்க, போர்க்குற்றங்கள் பற்றி நார்வேக் காவல்துறை மறுபுறம் விசாரித்தது. அந்த விசாரணை நியாயமானதே. ஆனால் அதன் பொருளை நினைத்துப் பார்க்க வேண்டும். குற்றத்தில் பங்கு வரும் என்று அஞ்சி விலகுபவருக்கே பாதுகாப்பு என்கிறது கோட்பாடு. அந்த அச்சத்துக்குத் திடமான சான்று வேண்டும் என்று காத்திருக்கச் செய்தால், சான்று சேரும் இடத்தில் குற்றமும் சேர்ந்துவிடுகிறது.

6. எதிர்வாதங்கள்

இந்த ஓட்டத்தை வேறு கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. அவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. படைதிரட்டலுக்கு அஞ்சி வருவோருக்கு மனிதாபிமான நுழைவிசைவு தரமாட்டோம் என்று லாட்வியாவின் அன்றைய வெளியுறவு அமைச்சர் எட்கார்ஸ் ரிங்கேவிச் அறிவித்தார். குடிமைக் கடமையை மறுப்பது தஞ்சத்துக்குப் போதிய காரணம் ஆகாது என்றார் எஸ்தோனிய வெளியுறவு அமைச்சர். செப்டம்பர் 30 முதல் ஃபின்லாந்தும் ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளுக்கு எல்லையை மூடியது. அண்டை வல்லரசின் பிடியில் அரை நூற்றாண்டு இருந்த லாட்வியாவும் எஸ்தோனியாவும் பாதுகாப்புக் கவலையை முன்வைப்பது இயல்பு. உக்ரைன்மீது குண்டு விழுந்த ஏழு மாதம் பேசாமல் இருந்தவர், தம் வீட்டுக் கதவு தட்டப்பட்டதும் ஓடிவந்தால் அவரை எதிர்ப்பாளர் என்று எப்படிச் சொல்வது என்பது அவர்களின் கேள்வி.

அறக் கேள்வியாக இது வலுவானது. சட்டக் கேள்வியாக இது வேறு இடத்தைக் குறிபார்க்கிறது. அகதி நிலை என்பது நல்லொழுக்கத்துக்குத் தரும் பரிசு அன்று. திருப்பி அனுப்பினால் என்ன நேரும் என்பதற்கான விடை. இ.இசட். தீர்ப்பும் இதையே உணர்த்துகிறது: போரின் தன்மையின் கதவு, உள்ளத்தைத் துருவுவதைத் தவிர்ப்பதற்காகவே வைக்கப்பட்டது. பேசாமல் இருந்தவர் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையில் துப்பாக்கி கொடுக்கப்படுவதைத் தடுக்கும் வழி அவர் வெளியேறுவது என்பதைக் காண்பது போதும்.

உக்ரைன் எழுப்பும் எதிர்வாதம் இதைவிடக் கடினமானது. தற்காப்புப் போர் நடத்தும் அந்நாட்டில் 2022 பிப்ரவரி முதல் 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் வெளியேறப் பொதுத் தடை விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் திரட்டல் வயது 27இலிருந்து 25ஆகக் குறைக்கப்பட்டது. மாற்றுக் குடிமைச் சேவை போர்க்காலத்தில் நடைமுறையில் இல்லை. அங்கிருந்து விலகும் அமைதிவாதிக்குப் போரின் தன்மையின் கதவு திறக்காது. அவர் நாடு தாக்கப்பட்ட நாடு. படைச் சேவையை மனச்சான்றால் மறுக்கும் ஒரு உக்ரைனியரை வேறு வழக்கில் ஒப்படைக்கத் தடையில்லை என்று ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தபோது, சட்டவிரோதமாகத் தாக்கப்பட்ட நாடு என்ற நிலையே எடை பெற்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய அவையின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையமோ, போர்க்காலப் படைதிரட்டலிலும் மனச்சான்று மறுப்புரிமையை முற்றாக நீக்க முடியாது என்று கருத்துரைத்தது.

இந்த முரண், ஒரு கதவு மற்றொன்றுக்கு மாற்றாகாது என்பதைக் காட்டுகிறது. ஆக்கிரமிக்கும் படையின் ஆளுக்குப் போரின் தன்மை வழி. தற்காக்கும் நாட்டின் அமைதிவாதிக்கு மனச்சான்று வழி. இரண்டும் தனித்தனியே இயங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 4 முதல் உக்ரைனியர்களுக்குக் கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பு, வயதையோ படைக் கடமையையோ கேட்காமல் இந்தச் சிக்கலைத் தள்ளிவைத்தது. கனடா 1969இல் செய்ததும் அதுவே. தயவு கேள்வி கேட்பதில்லை. அது முடிந்துபோகும் நாளில் கேள்வி அப்படியே எஞ்சியிருக்கும்.

7. படை அரசுடையதாக இல்லாதபோது

இதுவரை பேசியதெல்லாம் அரசுப் படைகள். கட்டாய ஆட்சேர்ப்பை அரசு அல்லாத இயக்கம் செய்யும்போது இந்த இரண்டு கதவுகளும் இன்னும் ஒடுங்குகின்றன. குவாத்தமாலாவில் கொரில்லாக்கள் தம்மோடு சேருமாறு மிரட்டியதற்கு இணங்காமல் ஓடிவந்த ஒருவரின் வழக்கில், சேர மறுத்தது மட்டும் அரசியல் கருத்து ஆகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. எந்தத் தரப்பிலும் நிற்க மறுப்பதை ஒரு நிலைப்பாடாகக் காண அது தயங்கியது.

ஈழத்தமிழர் நினைவில் இது தொலைநாட்டு வழக்கு அல்ல. 1989இல் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் பிள்ளைகள் பிடிக்கப்பட்டபோதும், இறுதிப் போர்க் காலத்து வன்னியில் வீட்டுக்கொருவர் என்று தொடங்கிய கட்டாயச் சேர்ப்பு அதைத் தாண்டிப் போனபோதும், மறைந்து திரிந்த பிள்ளைகளும் அவர்களை ஒளித்துவைத்த பெற்றோரும் எந்தக் கதவைத் தட்டியிருக்க முடியும்? இந்தியாவோ இலங்கையோ 1951 ஒப்பந்தத்தில் சேரவில்லை. மேற்கு நாட்டுத் தஞ்ச விசாரணைகளிலோ, அரசால் துன்புற்றாயா, இயக்கத்தில் இருந்தாயா என்ற இரண்டு கேள்விகளே முன்நின்றன. இரண்டுக்கும் இல்லை என்பவரின் கதை அந்தப் படிவத்துக்குள் எளிதில் அடங்காது. ஆட்சேர்ப்புக்கு முன் ஓடியவர் சான்றில்லாதவர், சேர்க்கப்பட்டபின் ஓடியவர் ஐயத்துக்குரியவர் என்ற வாய்பாட்டை, சட்டத்தின் பெயர் அறியாமலே நம் மக்கள் அனுபவித்திருக்கிறார்கள்.

8. முடிவாக

மேலே கண்டவற்றிலிருந்து சில வழிகளைத் தொகுக்கலாம். முதலாவது, திரட்டலுக்கு உட்பட்டவரா என்பதைத் தனியொரு அழைப்பாணையால் அளக்காமல், வயது, முன்பு செய்த படைச் சேவை, இராணுவத் தொழில்திறன், வாழ்ந்த வட்டாரம் என்ற தொகுதிச் சான்றுகளால் அளக்க வேண்டும். ஆணையின் வரம்புகளை அரசே மறைத்திருந்தால், அந்த மறைப்பு கோரிக்கையாளருக்குப் பாதகமாகக் கூடாது. இரண்டாவது, மறுக்கச் சட்ட வழி இல்லாத நாட்டிலிருந்து ஓடுவதே மறுப்பு என்ற இ.இசட். நிலையை, அழைப்பு வரும் முன் ஓடியவருக்கும் தயங்காமல் பொருத்த வேண்டும். மூன்றாவது, தண்டனையை முதல் அபராதத்தோடு நிறுத்தாமல், படைக்குள் இழுக்கப்பட்டபின் வரக்கூடிய சிறைவரை ஒரே தொடராக எடைபோட வேண்டும். நான்காவது, படைத்துறப்பாளர்களை விலக்குப் பிரிவில் மொத்தமாகத் தள்ளாமல் ஒவ்வொருவரின் செயலையும் தனித்து ஆராய வேண்டும். ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடியதும் அந்தச் செயல்களுள் ஒன்றுதான். ஐந்தாவது, எட்டிய நாட்டில் பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு, ஆறு பேருக்குக் கிடைத்த நுழைவிசைவு ஒரு முறையான வழியாக வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய ஒப்பந்தம் தேவையில்லை. அகதித் தீர்மானம் தொடக்கத்திலிருந்தே இனி நேரக்கூடியதை முன்கூட்டி எடைபோடும் வேலைதான். அடிபட்டபின் வந்தால்தான் பாதுகாப்பு என்று மற்ற அகதிகளிடம் நாம் சொல்வதில்லை. படைதிரட்டலுக்கு அகப்படாமல் ஓடுகிறவரிடம் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

லார்ஸில் அந்த வண்டி வருமுன்னே மிதிவண்டியில் எல்லை கடந்த ஒருவர் ஏதோ ஒரு தஞ்ச அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். எதிரே இருக்கும் அதிகாரி, அழைப்பாணையைக் காட்டுங்கள் என்று கேட்பார். அது கைக்கு வராததால்தான் அவரால் அங்கே வந்து உட்கார முடிந்தது.